படல் இருந்த இடத்தில் ஒரு கேட்டு

கொட்டுகிற மழையில் ஹாரன் சத்தம் யார் காதில் விழும்? இருந்தாலும் அஸ்வினி விடாமல் அழுத்திக்கொண்டிருந்தாள். வீடு கண்ணெதிரே இருந்தது. கதவு, கதவுக்கு மேலே தகரச் சாய்ப்பு, சாய்ப்பின் கீழே காய்ந்த தரை எல்லாம் தெரிந்தது. நடுவில் வேலியும் வேலியை அடைத்து நின்ற படலும்தான் தடை.

மூங்கிலையும் முள்ளையும் சேர்த்துக் கட்டிய கனத்த தட்டி அது. கீல் கிடையாது. திறக்க வேண்டுமென்றால் இரண்டு கையாலும் தூக்கி ஓரமாக இழுத்து வைக்க வேண்டும். அஸ்வினிக்குச் சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிப்போயிருந்தது. ஊன்றுகோல் ஒரு கையைப் பிடித்துக்கொள்ளும். மிச்சம் இருக்கிற ஒரு கைக்குப் படல் அசையாது. திண்டிவனத்துக்குப் போய்வர இரண்டு பக்கமும் கூடுதல் சக்கரம் மாட்டிய ஸ்கூட்டி வைத்திருந்தாள். முப்பது வயதில் யாருடைய தயவும் இல்லாமல் ஊரெல்லாம் சுற்றுகிறவள், சொந்த வீட்டு வாசலுக்கு வந்ததும் ஹாரன் அடித்துவிட்டுக் காத்திருப்பாள்.

தூரத்தில், நிலக்கடலை போட்டிருந்த மல்லாட்டைக் கொல்லையிலிருந்து ஓர் உருவம் ஓடி வந்தது. தலையில் யூரியா சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு வரப்பில் ஓடி வருவது அம்மா பிரபாவதி என்று தெரிந்ததும் அஸ்வினி கத்தினாள்.

"ஓடாதம்மா! மெதுவா வா!"

சொல்லி வாய் மூடுவதற்குள் பிரபாவதி வழுக்கி விழுந்தாள். முட்டி மடங்கி, கை இரண்டும் சேற்றில் புதைந்தது. எழுந்து, நொண்டி நொண்டி வந்து படலை இழுத்தாள்.

"ஏண்டி இப்டி நனைஞ்சிகினு நிக்கற? போன் பண்ணக் கூடாதா?"

"பண்ணேன். நீ எடுத்தாதானே?"

"ஐயோ, போனு ஊட்டுலயே கெடக்குது." பிரபாவதி முட்டியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியிலேயே வலியாக மாறியது.

அன்று அஸ்வினி அம்மாவின் முட்டிக்குத் தைலம் தேய்த்துவிட்டாள். தேய்க்கத் தேய்க்க வீங்கிய முட்டியைவிட வாசலில் நின்ற படல்தான் அவள் கண்ணை உறுத்தியது.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் அஸ்வினிக்கு வேலை. லென்ஸைத் தேய்த்து ஃபிரேமுக்குள் உட்கார வைப்பது, காதைப் பிடிக்கும் கம்பியைத் திருகாணி போட்டு மாட்டுவது, கோணிக்கொண்டு வரும் கண்ணாடியை நிமிர்த்திக் கொடுப்பது எல்லாம் அவள்தான். கடுகை விடச் சின்னத் திருகாணியை இடுக்கியால் எடுத்துக் கீலில் இறக்குவாள். கை நடுங்காது. அதே கடையில் பில் போடும் கிளாரா அவளுடைய கூட்டாளி. வாயாடி. எதற்கும் துணிந்தவள்.

மறுநாள் நடந்ததை அஸ்வினி சொன்னதும் கிளாரா போனை எடுத்துத் தட்ட ஆரம்பித்துவிட்டாள்.

"இரும்பு கேட்டு போட்டுக்கோயேன்."

"அது வெயிட்டுடி. வண்டியில உக்காந்துகினே தள்ளணும் நானு. மரத்துலதான் லேசா இருக்கும்."

"அப்போ இத்தப் பாரு." கிளாரா போனை அவள் மூக்குக்கு நேரே நீட்டினாள். "மரக் கேட்டுக்குத் தேவையானது மொத்தமும் ஒரே டப்பாவுல. கீலு, முளை, கொண்டி, நட்டு, போல்ட்டு, மூலைக்கு அடிக்கிற தகடு. மரம் மட்டும் நாம வாங்கிக்கணும்."

அஸ்வினி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். நீளமான பட்டைக் கீல். அதன் நுனியில் ஒரு வளையம். தூணில் பதிந்து நிற்கும் இரும்பு முளை. வளையம் அந்த முளையில் போய் உட்காரும். முளையின் பின்பக்கம் மரை இருந்தது. நட்டைத் திருகினால் முளை முன்னே வரும், பின்னே போகும்.

"ஏய், கிளாரா!" அவள் குரல் கடைக்கு வந்திருந்த ஆட்களைத் திரும்பிப் பார்க்க வைத்தது. "இது கண்ணாடிக் கீலேதான்டி! பெருசா இருக்குது, அவ்ளோதான். இதை நானே மாட்டிடுவேன்!"

"நீ எங்க மாட்றது? நாம மாட்டுவோம்னு சொல்லு. எங்க ஊட்டுக்காரரு கேமரா மாட்ற வேலைக்கு வச்சிருக்கற டிரில்லிங் மெஷினு ஞாயித்துக்கெழமை சும்மாதான் கெடக்கும்."

அங்கேயே, அந்த நிமிஷமே ஆர்டர் போட்டார்கள்.

பிரபாவதிக்கு இது பிடிக்கவில்லை. "கேட்டாம் கேட்டு. நாம என்ன பங்களாவா கட்டி வச்சிருக்கோம்? கவருமெண்டு கட்டிக் குடுத்த தொகுப்பு ஊட்டுக்குப் படலு போதாதா? பாக்கறவன் சிரிப்பான்."

"சிரிக்கட்டும்மா."

"உனுக்கு யாரு செஞ்சி குடுப்பா?"

"நான்தான்."

பிரபாவதி கேப்பைக் களியை அழுத்திக் கிண்டினாள். அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள்: "நான் உயிரோட இருக்கற வரிக்கும் படலைத் தொறக்க மாட்டேன்னா சொன்னேன்?"

அம்மாவின் கோபம் கேட்டின் மேல் இல்லை என்பது அஸ்வினிக்குப் புரிந்தது.

டப்பா கடைக்கு வந்த அன்று இரண்டு பேரும் மதியச் சோற்றைக்கூட மறந்துவிட்டார்கள். கவுண்டர் மேல் பழைய துணியை விரித்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்கள். கறுப்புப் பெயின்ட் அடித்த கீல் இரண்டும் எண்ணெய் வாசனையோடு பளபளத்தன. அஸ்வினி முளையை எடுத்து வளையத்தில் செருகிச் சுற்றினாள். சத்தமே இல்லாமல் சுழன்றது. கொண்டியின் கம்பியை விரலால் தூக்கி விட்டாள். அது போய் மாட்டிக்கொள்ளும் பிடித்தகட்டின் சரிவில் ஏறி, பள்ளத்தில் 'டக்' என்று விழுந்தது.

"இன்னொரு வாட்டி பண்ணு," என்றாள் கிளாரா.

டக்.

"இன்னொரு வாட்டி!"

கண்ணாடி வாங்க வந்திருந்த பெரியவர் ஒருவர் பொறுமை இழந்து, "என் கண்ணாடிய எப்பம்மா பாப்பீங்க?" என்று கேட்கும்வரை அந்த 'டக்' நிற்கவில்லை.

தூண்கள் நடுகிற வேலையைத் தெருவில் குடியிருந்த சக்கரபாணி ஏற்றுக்கொண்டார். அஸ்வினிக்குச் சித்தப்பா முறை. இடிந்துபோன ஒரு கூரைவீட்டில் கிடந்த வைரம் பாய்ந்த பனங்கட்டைகள் இரண்டைத் தூக்கி வந்தார். குழி வெட்டி, ஜல்லியும் சிமென்ட்டும் போட்டு, ரசமட்டம் வைத்து நிமிர்த்தி நட்டார். இரண்டு தூணுக்கும் நடுவில் ஸ்கூட்டியை நிறுத்தி, இரண்டு பக்கமும் கை நுழைகிற அளவு இடம் இருக்கிறதா என்று அஸ்வினி பார்த்துக்கொண்டாள்.

"இது காய ஒரு வாரம் ஆவும் பாப்பா. அது வரிக்கும் கைய வைக்காத."

அந்த ஒரு வாரமும் அஸ்வினிக்கு இருப்புக்கொள்ளவில்லை. காலையும் மாலையும் ஸ்கூட்டியை நிறுத்தித் தூணைத் தட்டிப் பார்ப்பாள். படல் அதற்குப் பின்னால் பழையபடியே நின்றது. பிரபாவதி பழையபடியே அதை இழுத்துத் திறந்தாள். ஆனால் ஒருநாள் காலையில் அம்மா தூணடியில் குந்தி உட்கார்ந்து, சிமென்ட் சீக்கிரம் காய்ந்து விரிசல் விடக் கூடாதென்று ஈரச் சாக்கைச் சுற்றிக்கொண்டிருந்ததை அஸ்வினி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பார்த்ததைக் காட்டிக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை மாலை கடை முடிந்ததும் பழைய மரக்கடைக்குப் போனார்கள். இடித்த வீடுகளின் நிலைகளும் ஜன்னல்களும் அங்கே மலையாகக் குவிந்திருந்தன. கிளாரா குவியலுக்குள் புகுந்து ஒவ்வொரு கட்டையாக இழுத்துக் காட்டினாள். அஸ்வினி நின்ற இடத்திலிருந்தே ஒரு கண்ணை மூடி, கட்டையின் நீளவாக்கில் பார்ப்பாள். ஃபிரேம் கோணியிருக்கிறதா என்று கடையில் பார்ப்பது இப்படித்தான்.

"வளைஞ்சிருக்குது. வேணாம்."

"இது?"

"நுனி செல்லரிச்சிருக்குது."

"பேஜாரு புடிச்சவளே, இது?"

அது ஒரு பழைய வீட்டு ஜன்னல் சட்டம். மேலே பச்சைப் பெயின்ட் உரிந்துகொண்டிருந்தது. அஸ்வினி நகத்தால் சுரண்டினாள். உள்ளே தேக்கு, தேன் நிறத்தில் சிரித்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைக்காரர் அந்தச் சட்டங்களையும் கூடவே கொஞ்சம் மெல்லிய ரீப்பர்களையும் சொன்ன நீளத்துக்கு மெஷினில் அறுத்துக் கொடுத்தார். கட்டையெல்லாம் ஷேர் ஆட்டோவின் தலையில் ஏறியது. அஸ்வினி ஸ்கூட்டியில் ஆட்டோவுக்குப் பின்னாலேயே வீடுவரை வந்தாள். வழியெல்லாம் அவள் கண் கட்டைகளின் மேலேயே இருந்தது. கல்யாணப் பெண்ணின் சீர் போகிற வண்டியை விட்டு இப்படித்தான் கண்ணை எடுக்க மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து, தலையில் வைத்த பூ வாடுவதற்கு முன்பே கிளாரா டிரில்லிங் மெஷினோடு பஸ்ஸிலிருந்து இறங்கிவிட்டாள். வாசலில் தார்ப்பாயை விரித்து அஸ்வினி எல்லாவற்றையும் பரப்பி வைத்திருந்தாள். இடது காலைத் தாங்கிப் பிடிக்கும் இரும்புக் காலிப்பரைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். தரையில் உட்கார்ந்து செய்கிற வேலையில் அவளுக்கு யாரும் உதவ வேண்டியதில்லை. இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குக் கையூன்றி நகர்கிற வேகத்துக்குக் கிளாராவால்தான் ஈடுகொடுக்க முடியவில்லை.

முதலில் நான்கு சட்டத்தையும் சேர்த்துச் சதுரம் கட்டினார்கள். மூலைக்கு மூலை தகடு வைத்துத் திருகாணி இறக்கினார்கள். டிரில் 'கிர்ர்' என்று இறங்கும்போது தேக்குத் தூள் சுருள்சுருளாக எழும்பி வந்தது. அந்த வாசனையில் அஸ்வினிக்கு ஒரு கிறக்கமே வந்துவிட்டது. கடையில் அவள் இறக்கும் திருகாணிகள் கண்ணுக்கே தெரியாது. இவை ஒவ்வொன்றும் விரல் நீளம். முழு பலத்தையும் கொடுத்து அழுத்தலாம். உடையுமோ என்ற பயமே இல்லை.

"என்கிட்ட குடுடி, நானும் போடறேன்!"

"இரு, இந்த ஒண்ணு மட்டும்."

"இதைத்தான் அப்பவும் சொன்ன!"

சட்டத்தின் மேல் ரீப்பர்களை வரிசையாக அடித்தார்கள். ஆடு தலையை நுழைக்காத அளவு இடைவெளி விட்டார்கள். வண்டிச் சக்கரம் முட்டும் இடத்தில், மரம் நசுங்காமல் இருக்கப் பழைய டயர்த் துண்டு ஒன்றை வைத்துத் திருகினார்கள். தூக்கி நிறுத்தியபோது கேட்டு கம்பீரமாகத்தான் இருந்தது. கிளாரா கையை எடுத்ததும் ஒரு பக்கம் மெல்ல மூக்கைத் தொங்கப் போட்டது.

"என்னடி இது, கள்ளு குடிச்சவனாட்டம் சாயுது?"

அஸ்வினி சிரித்தாள். "குறுக்குக்கட்டை போடல, அதான். கீழ் கீல் இருக்கற மூலையிலருந்து எதிர்ப்பக்கம் மேல் மூலைக்குக் குடுக்கணும். கேட்டு தொங்கணும்னு பாத்தா அந்தக் கட்டை முட்டுக்குடுத்து நிறுத்திடும்."

குறுக்குக்கட்டை இறங்கியது. இப்போது கிளாரா கையை எடுத்தாள்; ஏறி நின்றுகூடப் பார்த்தாள். அசையவில்லை.

பனந்தூணில் துளை போடுவதுதான் பெரும்பாடாக இருந்தது. வைரம் பாய்ந்த மரம் டிரில்லை உள்ளே விடவே மாட்டேன் என்றது. ஒரு பிட் முறிந்து தெறித்தது. "எங்க ஊட்டுக்காரரு என்னைக் கொன்னுடுவாரு," என்று கிளாரா சொல்லிக்கொண்டே அடுத்த பிட்டை மாட்டினாள். அதுவரை எட்டிப் பார்க்காமல் துணி துவைத்துக்கொண்டிருந்த பிரபாவதி ஈரக் கையோடு வந்தாள். ஒரு சொம்பில் தண்ணீர் எடுத்து வந்து, சூடேறிப் புகைந்த துளையில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள்.

"ஜல்தியா அழுத்தாதீங்கடி. வுட்டு வுட்டுப் போடுங்க."

அதற்குப் பிறகு அவள் துணி துவைக்கப் போகவில்லை.

முளைகள் ஏறின. கேட்டைத் தூக்கி வளையங்களை முளைகளில் இறக்கினார்கள். மேல் முளையின் நட்டை அஸ்வினி இம்மி இம்மியாகத் திருகி வெளியே எடுத்தாள். கோணல் கண்ணாடியை நிமிர்த்துகிற அதே பக்குவம். ஒரு கட்டத்தில் கேட்டைத் திறந்து விட்டால் தானாகவே திரும்பி வந்து மூட ஆரம்பித்தது.

"மாயமா இருக்குதே!" என்றாள் பிரபாவதி.

"மாயம் இல்லம்மா. மேல கொஞ்சம் சாய்ச்சி வுட்டிருக்கேன். அதோட கனத்துலயே மூடிக்கும்."

மூடுகிற கேட்டு நிற்பதற்கு எதிர்த் தூணில் ஒரு கட்டையைக் கிளாரா நெடுக அடித்தாள். "கதவுன்னா நிலை வேணாமா?" என்பது அவள் கட்சி. எதிர்த் தூணில் பிடித்தகட்டையும் கேட்டில் கொண்டியையும் மாட்டி, கொண்டியைத் தூக்க ஒரு நைலான் கயிற்றையும் கட்டினார்கள். உட்கார்ந்தபடி எட்டுகிற உயரத்தில், இரண்டு பக்கமும் தொங்கும்படி விட்டார்கள். பிரபாவதி படலை இழுத்துப்போய் அவரைக் கொடி ஏறட்டும் என்று கிணற்றடியில் சாய்த்துவிட்டு வந்தாள்.

அதற்குள் தெருவே கூடிவிட்டது. சக்கரபாணி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தூணைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அஸ்வினி காலிப்பரை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டியில் ஏறினாள். தெருமுனை வரை போய்த் திரும்பினாள்.

கேட்டுக்கு முன்னால் வந்து நின்றாள். பழக்கதோஷத்தில் கட்டைவிரல் ஹாரனுக்குப் போனது. எடுத்துவிட்டாள். கயிற்றைப் பிடித்து இழுத்தாள். கொண்டி மேலே எழும்பியது. வண்டியை மெல்ல நகர்த்தினாள். சக்கரம் டயர்த் துண்டில் முட்டியது. கேட்டு வழிவிட்டு உள்ளே திரும்பியது. அவள் வாசலுக்குள் வந்து நின்றதும் பின்னால் அது தானே ஆடி வந்து மூடிக்கொண்டது.

டக்!

கிளாரா விசில் அடித்தாள். சக்கரபாணி கை தட்டினார். பிரபாவதி மட்டும் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, கண்ணை மகளிடமிருந்து எடுக்காமல் நின்றாள்.

"இப்போ வெளிய வா! இன்னொரு வாட்டி வீடியோ எடுக்கறேன்," என்று கிளாரா வெளியே போய் நின்றுகொண்டாள்.

அஸ்வினி வாசலில் அகலமாக ஒரு வட்டம் அடித்துக் கேட்டுக்கு முன்னால் வந்தாள். கயிற்றை இழுத்தாள். கொண்டி எழும்பியது. வண்டியை நகர்த்தினாள். சக்கரம் கேட்டில் முட்டியது. கேட்டு, கிளாரா அடித்த கட்டையில் முட்டியது. நகரவில்லை.

அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. கேட்டு உள்பக்கம்தான் திறக்கும். வெளியே போக வேண்டுமென்றால் அதைத் தன் பக்கமாக இழுக்க வேண்டும். இழுத்தால் அது வண்டியின் மேலேயே வந்து இடிக்கும். அந்த வண்டிக்கு ரிவர்ஸ் கிடையாது. ஒரு காலால் உந்தி அதைப் பின்னால் தள்ளவும் முடியாது.

கிளாராவின் போன் இன்னும் படம் பிடித்துக்கொண்டிருந்தது.

முதலில் சிரித்தது பிரபாவதிதான். அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "அடிப்பாவிங்களா! உள்ள வர்றதுக்கு வழி பண்ணீங்க. வெளிய போறத்துக்கு மறந்துட்டீங்களே! இனிமே வேலைக்கே போவாத, ஊட்டுலயே கெட!"

அம்மா இப்படிச் சிரித்து அஸ்வினி பார்த்தே வெகுகாலம் ஆகியிருந்தது. அவளுக்கும் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. ஹேண்டில்பார் மேல் தலையைக் கவிழ்த்து வைத்துச் சிரித்தாள். வெளியே கிளாரா தூணில் சாய்ந்து சிரித்தாள்.

சிரித்துக்கொண்டே தலையை நிமிர்த்திய அஸ்வினியின் கண், நேர் எதிரே இருந்த பிடித்தகட்டின் மேல் விழுந்தது. சிரிப்பு சட்டென்று நின்றது. எட்டி அதைத் தடவினாள். கொண்டி விழும் பள்ளம் நடுவில். அதற்கு இந்தப் பக்கம் ஒரு சரிவு. அந்தப் பக்கமும் அதே மாதிரி ஒரு சரிவு.

அவள் வேலை செய்யும் கடையில் கண் டாக்டர் அறைக்கு ஒரு அரைக்கதவு உண்டு. உள்ளேயும் தள்ளலாம், வெளியேயும் தள்ளலாம். அதற்கு நிலை கிடையாது.

"கிளாரா! அந்தக் கட்டையைப் பேத்து எடு!"

"எந்தக் கட்டையை?"

"நிலைன்னு அடிச்சியே, அதை! முளைங்க எதிர்த் தூணைப் பாத்தாப்பலதானே இருக்குது? கேட்டு ரெண்டு பக்கமும் போவும்டி! கொண்டியும் ரெண்டு பக்கத்துலருந்தும் ஏறும்! மறிக்கிறது அந்தக் கட்டை ஒண்ணுதான்!"

கிளாரா சுத்தியலைத் தேடுவதற்குள் பிரபாவதி கடப்பாரையோடு வந்துவிட்டாள். தூணுக்கும் கட்டைக்கும் இடையில் முனையைச் செருகி நெம்பினாள். ஆணிகள் முனகிக்கொண்டு கழன்றன. ஒரே நெம்பு, கட்டை தெருவில் போய் விழுந்தது. தடுப்பு போனதும் கேட்டு வெளியே ஒரு வீச்சு போனது, உள்ளே ஒரு வீச்சு வந்தது, ஊஞ்சல் மாதிரி ஆடி ஆடி நடுவுக்கு வந்தது. கொண்டி பள்ளத்தில் விழுந்தது.

அஸ்வினி கயிற்றை இழுத்தாள். சக்கரத்தால் தள்ளினாள். கேட்டு தெருப்பக்கம் திறந்தது. வெளியே போனாள், திரும்பினாள், உள்ளே வந்தாள். வட்டம் அடித்தாள், மறுபடி வெளியே போனாள். போகும்போதும் வரும்போதும் பின்னால் 'டக்' கேட்டது. சக்கரபாணி எத்தனை முறை என்று கேட்டுச் சலித்துக்கொள்கிற அளவுக்குப் போய்ப் போய் வந்தாள். பெட்ரோல் தீர்ந்தால்தான் நிற்பாள் போலிருந்தது.

மழைக்காலம் முடிந்து பனி இறங்கத் தொடங்கியிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலை அஸ்வினி வேலைக்குக் கிளம்பி வெளியே வந்தபோது பிரபாவதி நல்ல புடவை கட்டிக்கொண்டு, ஒயர்கூடையோடு வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். கூடையில் வறுத்த மல்லாட்டை வாசனை அடித்தது.

"எங்கம்மா?"

"என்னை பஸ் ஸ்டாண்டுல வுட்டுடு. விழுப்புரம் போயி, கெடாருக்குப் பஸ்ஸைப் புடிக்கிறேன். எங்க அக்கா காந்திமதியப் பாத்துட்டு வர்றேன்."

"சாயந்தரம் வந்துருவியா?"

பிரபாவதி புடவை மடிப்பைச் சரிசெய்தாள். "ரெண்டு மூணு நாள் இருந்துட்டு வரலாம்னு பாக்கறேன். அக்கா ஊட்டுல ராத்திரி தங்கி எத்தினி வருஷம் ஆவுது. எப்பப் போனாலும் அரைமணி நேரம்தான். நீ வர்ற நேரமாச்சின்னு ஓடியாந்துடுவேன். அவளும் கோச்சிக்கினு கோச்சிக்கினு வுட்டுட்டா."

அஸ்வினி சாவியைத் திருகப் போனவள் அப்படியே நின்றாள். படலால் கட்டுண்டு கிடந்தது தான் மட்டும்தான் என்று அவள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

"ஒரு வாரம் கூட இருந்துட்டு வாம்மா," என்றாள்.

"சோத்துக்கு என்னா பண்ணுவ?"

"எனுக்குச் சமைக்கத் தெரியாதா? ஏறு."

பிரபாவதி பின்னால் ஏறிக் கூடையை மடியில் வைத்துக்கொண்டாள். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் விழுப்புரம் பஸ் கிளம்ப நின்றிருந்தது. ஓடிப்போய் ஜன்னல் ஓரம் இடம் பிடித்தாள். பஸ் நகரும்போது வெளியே தலையை நீட்டிக் கையை ஆட்டினாள். சினிமாவுக்குப் போகிற சின்னப் பெண்ணைப் போல முகம் மலர்ந்திருந்தது.

மத்தியானம் கடையில் கூட்டம் குறைந்த நேரத்தில் அஸ்வினியின் போன் அடித்தது. வீடியோ கால். திரையில் அம்மாவின் நெற்றியும் பாதிக் கண்ணும் மட்டும் தெரிந்தன. பின்னால் யாரோ ஒரு பெண் பேசும் சத்தம் கேட்டது.

"அஸ்வினி! கேக்குதா? இங்க அக்காவுக்கு நீ பண்ண கேட்டைப் போன்ல காட்னேன். உன் கிளாரா புடிச்சாளே, அந்தப் படத்தை. இவுங்க ஊட்டுலயும் மாடு உள்ள பூந்து கீரைப் பாத்தியெல்லாம் மேஞ்சிட்டுப் போவுதாம். ஒண்ணு பண்ணிக் குடுக்க முடியுமான்னு கேக்குது."

காந்திமதியின் குரல் குறுக்கே புகுந்தது. "பெரியம்மா கேட்டா முடியாதுன்னு சொல்லிடாதடி கண்ணு!"

கிளாரா பில் போடுவதை விட்டுவிட்டு ஓடி வந்து திரைக்குள் தலையை நீட்டினாள். "முடியும்னு சொல்லுடி! இந்த வாட்டி மொதல் திருகாணியே நான்தான் போடுவேன்!"

அஸ்வினி இடுக்கியைக் கீழே வைத்தாள். கவுண்டர் மேல் கிடந்த பென்சிலை எடுத்துக் காதில் செருகிக்கொண்டாள்.

"பெரியம்மா, முடியும். முதல்ல ஒரு வேலை பண்ணுங்க. அம்மாவைக் கூட்டிக்கினு வேலிகிட்ட போங்க. மாடு எந்த வழியா வருதோ அந்த இடத்தைக் காட்டுங்க. அகலம் எத்தினி முழம்னு அம்மா கையால அளந்து சொல்லட்டும். நான் லைன்லயே இருக்கேன்."

திரை குலுங்கியது. இரண்டு பெண்களும் பேசிச் சிரித்தபடி வேலியை நோக்கி நடக்கிற சத்தம் கேட்டது.